சீசனுக்கு முந்தைய பயிற்சி முகாம்: ரோட் சைக்கிள் பந்தய அணிகள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

முதல் பந்தயத்துக்கு முன் அணி முழுவதும் ஒரே இடத்தில் தங்கி, ஒன்றாக ஓட்டி, ஒன்றாகச் சாப்பிடும் அந்த ஒரு வாரத்தைப் பற்றிய கேள்விகள் இவை. கிளப் அணி, வயதுப்பிரிவு அணி, தேசிய அளவில் ஓட்டும் சிறிய அணி என யாருக்கும் பொருந்தும்படி எழுதியிருக்கிறோம்.

முகாம் உடற்தகுதிக்கா, அணி ஒற்றுமைக்கா?

இரண்டுக்கும்தான். ஆனால் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்றால், அணிக்கு. தாக்குப்பிடிக்கும் திறனை வீட்டிலிருந்தே தனியாக வளர்த்துக்கொள்ளலாம். 45 கிமீ வேகத்தில், முன்னால் போகும் சக்கரத்துக்கு 40 செ.மீ. பின்னால், அதில் இருப்பவர் திடீரென்று பிரேக் பிடிக்க மாட்டார் என்று நம்பி ஓட்டுவதைத் தனியாகக் கற்க முடியாது.

‘முகாமுக்குப் போய் உடம்பைத் தேற்றிக்கொள்ளலாம்’ என்று வருபவர் மூன்றாம் நாளே கழன்றுவிடுவார். அதன்பின் அவர் வரிசையின் வாலில் தொங்கிக்கொண்டிருப்பார். கற்க வந்ததைக் கற்கவும் மாட்டார், மற்றவர்களைக் கற்கவும் விடமாட்டார்.

எப்போது வைப்பது? எத்தனை நாள்?

முதல் முக்கியப் பந்தயத்துக்கு 4 முதல் 6 வாரம் முன்பு. முகாமின் களைப்பு இறங்க ஒரு வாரம், பத்து நாள் பிடிக்கும். அதன்பின் பந்தய வேகத்துக்குப் பழக இரண்டு மூன்று வாரமாவது கையில் இருக்க வேண்டும். தொழில்முறை அணிகள் டிசம்பரிலும் ஜனவரியிலும் ஸ்பெயினின் கால்பே, மயோர்க்கா பக்கம் குவிவதற்கும் இந்தக் கணக்குத்தான் காரணம். மிதமான குளிர், ஏற்றமும் சமவெளியும் கலந்த சாலைகள், பிப்ரவரி மார்ச்சில் தொடங்கும் ஐரோப்பியப் பந்தயங்கள்.

வேலைக்கோ கல்லூரிக்கோ போகிறவர்கள் உள்ள அணிக்கு 7 நாள் போதும். அதுவும் முடியாவிட்டால் மூன்று வார இடைவெளியில் நான்கு நாள் முகாம்களாக இரண்டு வைக்கலாம். எங்களைக் கேட்டால், இழுத்துப்பிடித்த 10 நாள் முகாமைவிட இதுவே மேல். முதல் முகாமில் தெரியவந்த கோளாறுகளைச் சரிசெய்துகொண்டு இரண்டாவதுக்கு வரலாம்.

வருவதற்கு முன் எந்த நிலையில் இருக்க வேண்டும்?

குறைந்தது 6 வாரமாவது வாரத்துக்கு 8 முதல் 10 மணி நேரம் ஓட்டியிருக்க வேண்டும். அதில் ஒரு தடவையாவது 3 மணி நேரத்துக்கு மேல் நீண்ட ஓட்டம் இருக்க வேண்டும். எஃப்டிபி (ஏறத்தாழ ஒரு மணி நேரம் தாங்கக்கூடிய உச்ச சராசரி வாட்) சோதனையை முகாமுக்கு 7 முதல் 10 நாள் முன்பே முடித்துவிடுங்கள். 20 நிமிடம் முழு மூச்சாக ஓட்டி, வந்த சராசரி வாட்டில் 95 சதவீதம் எடுப்பது வழக்கமான முறை. 20 நிமிடச் சராசரி 280 வாட் என்றால் எஃப்டிபி 266 வாட். முகாமின் முதல் நாளில் சோதனை வைக்கும் அணிகள் உண்டு; அது வீண் வேலை. பயணக் களைப்போடு வரும் எண் உண்மையைவிடக் குறைவாக இருக்கும். போதாக்குறைக்கு முதல் நாளிலேயே யார் பெரியவர் என்ற போட்டியும் மூண்டுவிடும்.

புதிய ஷூ, கிளீட் (ஷூவைப் பெடலில் பூட்டும் துண்டு), சீட் எதையும் முகாமில் முதல்முறையாகப் போட்டுப் பார்க்காதீர்கள். மாற்றுவதாக இருந்தால் 3 வாரம் முன்பே மாற்றிவிடுங்கள். முழங்கால் வலியோடு முகாமை விட்டுப் போகிறவர்களை விசாரித்தால், பெரும்பாலும் சீட் உயரமோ கிளீட்டோ அண்மையில் மாறியிருக்கும்.

ஒரு வாரத்தை எப்படிப் பிரிப்பது?

மொத்த நேரம் வழக்கமான வாரத்தைப் போல ஒன்றரை மடங்கைத் தாண்டக் கூடாது. வாரம் 10, 11 மணி நேரம் ஓட்டுபவருக்கு 16 மணி நேரம் ஒரு நல்ல அளவு. மாதிரிக்கு ஒரு வாரம்:

முதல் நாள் ஒன்றரை மணி நேரம், பேசும்போது மூச்சு வாங்காத வேகத்தில். சைக்கிள்களின் குறைகள் அன்றே தெரிந்துவிட வேண்டும். இரண்டாம் நாள் 3 மணி நேரம், இருவர் இருவராக, எஃப்டிபியில் 60 முதல் 72 சதவீதத்தில். மூன்றாம் நாள் இரண்டரை மணி நேரம். நடுவே, முன்னணியை மாறி மாறி எடுக்கும் சுழல் வரிசைப் பயிற்சி 4 தடவை, தடவைக்கு 10 நிமிடம். நான்காம் நாள் ஒரு மணி நேரம், காலை உதறிக்கொள்ள மட்டும். ஐந்தாம் நாள் 3 மணி நேரம். ஏற்றத்தில் 12 நிமிடம் வீதம் 3 தடவை, எஃப்டிபியில் 88 முதல் 93 சதவீதத்தில். ஆறாம் நாள் 2 மணி நேரம். ஸ்பிரின்ட்டும் (கோட்டை நோக்கிய கடைசிப் பாய்ச்சல்), அதற்கு இழுத்துக் கொடுப்பதும் (பாய்பவருக்கு முன்னால் நின்று காற்றைத் தடுத்து வேகம் கொடுப்பது). ஏழாம் நாள் 3 மணி நேரம். கடைசி ஒரு மணி நேரம் அணியை இரண்டாகப் பிரித்து ஒத்திகைப் பந்தயம்.

நான்காம் நாளைக் காப்பாற்றுவதுதான் கஷ்டம். கால் நன்றாக இருக்கிறது என்று யாராவது கூடுதலாக இரண்டு மணி நேரம் கிளம்புவார்; ஒருவர் கிளம்பினால் இன்னும் மூவர் பின்னால் போவார்கள். அன்றைக்குச் சைக்கிள்களை மெக்கானிக்கிடம் ஒப்படைத்துவிடுவது எளிய தடுப்பு.

எல்லாரும் ஒரே பலம் இல்லையே, எப்படிச் சேர்ந்து ஓட்டுவது?

பலம் உள்ளவர் அதை வேகத்தில் காட்டக் கூடாது, முன்னால் நிற்கும் நேரத்தில் காட்ட வேண்டும். 38 கிமீயில் வரிசை போகிறது என்றால், பலமானவர் முன்னால் வந்தாலும் 38தான். மற்றவர் ஒரு நிமிடம் நின்றால் இவர் நான்கு நிமிடம் நிற்கட்டும். பலம் குறைந்தவர் முன்னால் வந்ததும் பத்து விநாடியில் விலகிக்கொள்ளலாம், அதில் வெட்கம் இல்லை.

ஏற்றத்தில் சேர்த்து வைக்க முயல வேண்டாம். அவரவர் வேகத்தில் ஏறட்டும். உச்சியில் முதலில் சேர்ந்தவர்கள் திரும்பி இறங்கி, கடைசி ஆளோடு மறுபடி ஏறி வரட்டும். உச்சியில் வியர்வை காயக் காத்து நிற்பதைவிட இது நல்லது. கடைசி ஆளும் தனியாக விடப்படுவதில்லை.

அரைச்சக்கரம் முந்துவது என்கிறார்களே, அது என்ன?

இருவர் இருவராகப் போகும்போது பக்கத்தில் வருபவரைவிட எப்போதும் அரைச் சக்கரம் முன்னால் வைத்துக்கொள்ளும் பழக்கம். அவர் ஈடுகட்ட வேகம் கூட்டுவார், இவர் மறுபடி அரைச் சக்கரம் முந்துவார். இருபது நிமிடத்தில் நிதானமான ஓட்டம் பந்தயமாகிவிடும். ஹேண்டில்பார் இரண்டும் ஒரே கோட்டில் இருக்க வேண்டும் என்பது ஒன்றே விதி. சொல்லியும் கேட்காதவரை அணியிலேயே மெதுவானவருக்குப் பக்கத்தில் போடுங்கள்.

சுழல் வரிசையைச் சரியாகச் செய்வது எப்படி?

முகாமில் அதிக நேரம் செலவிட வேண்டியது இதில்தான். ஒட்டிப் போகும் இரண்டு வரிசைகள். ஒன்று சற்றே வேகமாக முன்னேறுகிறது, மற்றது சற்றே மெதுவாகப் பின்வாங்குகிறது. இரண்டுக்கும் வேக வித்தியாசம் மணிக்கு 1 முதல் 2 கிமீதான். பின்வாங்கும் வரிசை எப்போதும் காற்று வரும் பக்கம் இருக்க வேண்டும். அப்போதுதான் முன்னேறுகிறவர்களுக்கு அது மறைப்பாகும்.

ஆறு பேர், 40 கிமீ வேகம் என்று வைத்துக்கொள்வோம். முன்னேறும் வரிசையில் நீங்கள் இரண்டாவது ஆள். உங்கள் முன்னால் இருப்பவர் பக்கத்து வரிசைக்கு நகர்கிறார். இப்போது நீங்கள்தான் முன்னணி. முகத்தில் காற்று அறைகிறது. கால் தானாக அழுத்தும். அழுத்தாதீர்கள். வேகமானியில் 40 என்றால் 40லேயே இருங்கள். காற்று நேரடியாகப் படுவதால் அதே வேகத்துக்கே வாட் கூடும்; அது போதும். பக்கத்தில் பின்வாங்கும் ஆளின் முன்சக்கரத்தை உங்கள் பின்சக்கரம் தாண்டியதும், பின்னால் இருப்பவர் ‘சரி’ என்று குரல் கொடுப்பார். மெல்லப் பக்கம் மாறுங்கள். மாறிய பிறகு மிதிப்பதை நிறுத்தாமல் அழுத்தத்தை மட்டும் சிறிது தளர்த்துங்கள். முன்னணியில் நீங்கள் நின்றது மொத்தமே 5 முதல் 10 விநாடி.

இனிப் பின்வாங்குகிறீர்கள். பக்கத்தில் ஒவ்வொருவராகக் கடந்து போகிறார்கள். வரிசையின் கடைசி ஆள் உங்களைக் கடக்கும்போது ‘கடைசி’ என்று சொல்வார். அவருடைய பெடல் உங்கள் முன்சக்கரத்துக்கு நேராக வரும்போதே அழுத்தத் தொடங்குங்கள். அவர் முழுவதும் கடந்த பிறகு தொடங்கினால் இரண்டு மீட்டர் இடைவெளி விழும். அதை அடைக்க நீங்கள் செய்யும் பாய்ச்சலே நாலு சுற்றில் உங்கள் காலைத் தின்றுவிடும். கடைசியில் கழன்று விழும் பலர் பலம் இல்லாதவர்கள் அல்ல, இந்த ஒரு நொடியைத் தவறவிடுபவர்கள்.

உடையும் இடங்கள் மூன்று. முன்னணிக்கு வந்ததும் பாய்வது. விலகியபின் மிதிப்பதை அடியோடு நிறுத்துவது. அப்போது பின்வாங்கும் வரிசை ஒருவர்மேல் ஒருவர் நெருக்கியடிக்கும். மூன்றாவது, பவர் மீட்டரைப் பார்த்துக்கொண்டு ஓட்டுவது. வரிசைக்குள் பார்க்க வேண்டியது வேகத்தையும் முன்னால் இருப்பவரின் தோளையும்தான், வாட்டை அல்ல. முன்னால் இருப்பவரின் சக்கரத்தையே வெறித்துப் பார்ப்பதும் தவறு; இரண்டு மூன்று பேர் தாண்டிப் பார்வை போக வேண்டும்.

எவ்வளவு நெருக்கமாக ஓட்டலாம்?

முதல் நாள் ஒரு மீட்டர். பழகியபின் 30 முதல் 50 செ.மீ. ஒட்டி ஓட்டுபவருக்கு உழைப்பில் கால் பங்குக்கு மேல் மிச்சமாகும். ஆகவே நெருக்கம் பேராசை அல்ல, தேவை. ஆனால் முன்னவரின் பின்சக்கரத்துக்குப் பக்கவாட்டில் உங்கள் முன்சக்கரத்தை நுழைக்காதீர்கள். அவர் ஒரு சாண் விலகினாலே விழப்போவது நீங்கள்தான், அவர் அல்ல.

இன்னொன்று: சீட்டிலிருந்து எழும் கணத்தில் சைக்கிள் ஒரு சாண் பின்வாங்கும். பின்னால் வருபவர் சக்கரத்தில் இடிப்பது பெரும்பாலும் அப்போதுதான். எழுவதற்கு முந்தைய மிதியைச் சற்று பலமாக அழுத்தி, அந்த அழுத்தத்தோடேயே எழ வேண்டும். ஐந்து நிமிடத்தில் கற்றுக்கொள்ளலாம். பத்து வருடம் ஓட்டியும் கற்காதவர்களும் இருக்கிறார்கள்.

குறுக்குக் காற்றுக்கு என்ன பயிற்சி?

காற்று பக்கவாட்டில் அடித்தால் மறைப்பு நேர் பின்னால் இருக்காது, சாய்வாக இருக்கும். அதனால் வரிசையும் சாய்வாக விரியும். சாலையின் அகலத்தில் எத்தனை பேருக்கு இடமோ அத்தனை பேருக்குத்தான் மறைப்பு. ஏழாவது ஆளுக்கு இடமில்லை என்றால், சாலை ஓரத்தில் தொங்கிக்கொண்டு வருவதைவிட அவர் தலைமையில் இரண்டாவது சாய்வு வரிசை தொடங்க வேண்டும். இந்தப் பயிற்சியைப் போக்குவரத்து அடைத்த சாலையிலோ மூடிய தடத்திலோதான் செய்ய வேண்டும். அப்படி ஓர் இடம் கிடைக்காவிட்டால் விட்டுவிடுங்கள்.

இடித்துக்கொண்டால் விழாமல் இருக்கப் பயிற்சி உண்டா?

உண்டு. புல்தரையில், நடைவேகத்தில். இருவர் தோளோடு தோள் சாய்ந்து ஐம்பது மீட்டர் போவது முதல் கட்டம். ஒருவர் கை மற்றவர் தோள்மேல் வைத்துத் திரும்புவது இரண்டாவது. முன்னவரின் பின்சக்கரத்தில் உங்கள் முன்சக்கரத்தை வேண்டுமென்றே பக்கவாட்டில் உரசுவது மூன்றாவது. உரசும்போது உடம்பு விலகி ஓடப் பார்க்கும். உண்மையில் உரசும் பக்கமாகவே சாய்ந்து, மெல்லப் பிரிய வேண்டும். இருபது நிமிடம் இதைச் செய்த அணியில் பயமும் விறைப்பும் குறைவதைக் கண்ணால் பார்க்கலாம். ஒருவரையொருவர் இடித்துச் சிரிக்கும் அந்த இருபது நிமிடம் எந்தக் குழு விளையாட்டுக்கும் குறைந்ததல்ல.

இறக்கத்தில் டாப் ட்யூப் (சீட்டுக்கும் ஹேண்டில்பாருக்கும் இடையே உள்ள மேல்குழாய்) மேல் உட்கார்ந்து குனிவதை உலக சைக்கிள் சங்கமான யூசிஐ 2021 ஏப்ரல் 1 முதல் தடைசெய்துவிட்டது. பந்தயத்தில் செய்யக் கூடாததை முகாமிலும் பழக வேண்டாம்.

ஸ்பிரின்ட்டருக்கு இழுத்துக் கொடுப்பதை எப்படிப் பழகுவது?

முதலில் கணக்கு. 60 கிமீ வேகத்தில் 200 மீட்டர் என்பது 12 விநாடி. 55 கிமீ வேகத்தில் ஒரு கிலோமீட்டர் என்பது 65 விநாடி. அந்த வேகத்தில் முன்னால் நின்று ஒரு நிமிடம் தாங்குபவர் உங்கள் அணியில் எத்தனை பேர்? விடை ஒன்று அல்லது இரண்டு என்றால் ஒன்றரை கிலோமீட்டர் முன்பே ரயில் போடுவதில், அதாவது ஸ்பிரின்ட்டருக்கு முன்னால் வரிசை கட்டி இழுப்பதில், பொருளில்லை. இங்கே மிகச் சாதாரணமான தவறு சீக்கிரம் தொடங்குவது. 500 மீட்டரில் இழுப்பவர்கள் தீர்ந்து போய், ஸ்பிரின்ட்டர் மற்ற அணிகளுக்கு இலவச மறைப்பாக மாறுவார்.

நால்வர் இருந்தால்: முதல்வர் 1,200 மீட்டரிலிருந்து 700 வரை, இரண்டாமவர் 700லிருந்து 400 வரை, மூன்றாமவர் 400லிருந்து 200 வரை, பிறகு ஸ்பிரின்ட்டர். சாலையோரத்தில் இந்த நான்கு இடங்களிலும் சுண்ணாம்புக் கோடு போட்டுவைத்துப் பழகுங்கள். மூன்றாமவர் கடைசிவரை வேகத்தைக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். 250 மீட்டரில் வேகம் தொய்ந்தால் பின்னாலிருந்து அலைபோல் வந்து மூடிவிடுவார்கள். இழுத்து முடித்தவர் நேர்கோட்டிலேயே பக்கம் ஒதுங்க வேண்டும், திரும்பிப் பார்க்கக் கூடாது. ஸ்பிரின்ட்டர் தன் முன்னவரிடம் ‘போ’, ‘பொறு’ என்ற இரண்டு சொல் மட்டும் சொன்னால் போதும். ஒரு நாளைக்கு 5 தடவைக்கு மேல் வேண்டாம், இடையில் 8 முதல் 10 நிமிடம் ஓய்வு.

குழு விளையாட்டு, சுற்றுலா எல்லாம் அவசியமா?

ஒரு மதியம் சைக்கிள் இல்லாமல் சேர்ந்து இருப்பது நல்லது. அதற்குமேல் திட்டமிட்ட ‘ஒற்றுமை நிகழ்ச்சி’களில் எங்களுக்கு நம்பிக்கை குறைவு. கண்ணைக் கட்டிக்கொண்டு பின்னால் சாய்ந்து விழும் விளையாட்டு ஆடிய இருவர், மறுநாள் சாலையில் ஒருவருக்கொருவர் பஞ்சர் ஒட்டக் காத்திருக்கவில்லை என்றால் என்ன பயன்? அன்றாட வேலையை இருவர் இருவராகப் பகிர்ந்தால் போதும்: ஒரு ஜோடி எல்லாருக்கும் பாட்டில் கலப்பது, ஒரு ஜோடி சைக்கிள் கழுவுவது, ஒரு ஜோடி சமையலறைக்கு உதவுவது. ஜோடி தினமும் மாற வேண்டும். அணியின் நட்சத்திரமும் பாட்டில் கழுவ வேண்டும். அவருக்கு மட்டும் விலக்கு கொடுத்தால் மற்ற எல்லா முயற்சியும் வீண்.

கால்பந்து, கார்ட்டிங், பனிச்சறுக்கு இவற்றைத் தவிருங்கள். ஒரே திசையில் மிதித்துப் பழகிய தசைகள் திடீர்த் திருப்பத்தில் எளிதில் கிழியும். புதியவர்களைக் கேலிக்குள்ளாக்கும் ‘வரவேற்புச் சடங்கு’ எந்த வடிவத்திலும் கூடாது.

அறையில் யாரை யாரோடு போடுவது?

நண்பர்களைச் சேர்த்துப் போடாதீர்கள். பந்தயத்தில் யார் யாருக்குப் பின்னால் ஓட்டப் போகிறாரோ அவர்களைச் சேருங்கள்: ஸ்பிரின்ட்டரும் அவருக்குக் கடைசியாக இழுப்பவரும் ஓர் அறை, புதியவரும் அணித்தலைவரும் ஓர் அறை. குறட்டை விடுபவரையும் சீக்கிரம் தூங்குபவரையும் மட்டும் பிரித்துவிடுங்கள்; தூக்கம் கெட்டால் மற்றதெல்லாம் கெடும். 18 வயதுக்குட்பட்டவர்கள் தனி அறையில். பெரியவர்களோடு கலந்து போட வேண்டாம்.

யாருக்காக யார் உழைப்பது என்பதை எப்போது பேசுவது?

முகாமில். பந்தயக் காலையில் பேசினால் அது கட்டளையாகிவிடும், முகாமில் பேசினால் ஒப்பந்தமாகும். ஒவ்வொருவரும் மூன்று விஷயம் எழுதித் தரட்டும்: எந்தப் பந்தயத்தில் தனக்காக ஓட்ட விரும்புகிறார், எதில் பிறருக்காக உழைப்பார், எந்த வகைச் சாலையில் தன்னால் உதவ முடியாது. பயிற்சியாளர் அதைக் கையில் வைத்துக்கொண்டு தனித்தனியாகப் பேசிவிட்டுப் பிறகு எல்லார் முன்னிலையிலும் அறிவிக்க வேண்டும். ஒரே பந்தயத்துக்கு இரண்டு தலைவர்கள் என்றால், எந்த நிலைமையில் யார் விட்டுக்கொடுப்பது என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள். ‘சாலையில் பார்த்துக்கொள்ளலாம்’ என்றால், இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருக்க, வேறோர் அணி ஜெயிக்கும்.

பரிசுப் பணமும் இதே கூட்டத்தில். தொழில்முறை அணிகளில் அதைப் பொதுவில் போட்டுப் பிரிப்பது நெடுநாள் வழக்கம்; மெக்கானிக்குக்கும் மசாஜ் செய்பவருக்கும்கூடப் பங்கு போகும். உங்கள் அணியின் விகிதம் எதுவானாலும் முதல் பரிசு வருவதற்கு முன் எழுதி வைத்துவிடுங்கள். வந்த பிறகு பேசுவது கசப்பு.

மாலைக் கூட்டம் எவ்வளவு நேரம்?

20 நிமிடம், சாப்பாட்டுக்கு முன். முதலில் பேச வேண்டியவர் அணியிலேயே இளையவர், பயிற்சியாளர் கடைசியில். பயிற்சியாளர் தொடங்கினால் மற்றவர்கள் தலையாட்டுவதோடு சரி. ஆளைப் பற்றிப் பேசக் கூடாது, செயலைப் பற்றிப் பேசலாம்: ‘நீ எப்பவுமே அவசரக்காரன்’ என்பது சண்டை, ‘மூணாவது சுற்றுல நீ முன்னால வந்ததும் வேகம் 43 ஆச்சு, பின்னால ரெண்டு பேர் கழண்டாங்க’ என்பது பாடம்.

சாப்பாடும் தண்ணீரும் எவ்வளவு?

ஓடும்போது மணிக்கு 60 முதல் 90 கிராம் மாவுச்சத்து. 60க்கு மேல் போனால் குளுக்கோஸும் ஃப்ரக்டோஸும் கலந்ததாக இருக்க வேண்டும். ஒரே வகைச் சர்க்கரையைக் குடல் அதற்குமேல் வேகமாக உறிஞ்சாது, வயிறு கலங்கும். 750 மில்லி பாட்டிலில் 60 கிராம் கலந்தால் 8 சதவீதக் கரைசல், பெரும்பாலோருக்கு ஒத்துக்கொள்ளும். ஒரு நடுத்தர வாழைப்பழத்தில் ஏறத்தாழ 25 கிராம் உண்டு. தண்ணீர் மணிக்கு 500 முதல் 750 மில்லி, வெயிலில் இன்னும் கூடுதல். ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். குறைந்த ஒவ்வொரு கிலோவும் ஏறத்தாழ ஒரு லிட்டர் நீர். 70 கிலோ ஆள் ஒன்றரை கிலோவுக்கு மேல் இழந்திருந்தால் மறுநாள் கூடுதலாகக் குடிக்க வேண்டும்.

இறங்கிய முதல் மணி நேரத்துக்குள் உடல் எடையில் கிலோவுக்கு 1 கிராம் மாவுச்சத்தும், மொத்தம் 20 முதல் 30 கிராம் புரதமும். முதலிரண்டு நாள் குறைவாகச் சாப்பிட்டவருக்கு அதன் விளைவு நான்காம் நாள்தான் தெரியும். அதனால்தான் யாரும் இரண்டையும் முடிச்சுப் போட்டுப் பார்ப்பதில்லை.

முகாமில் எடை குறைக்கலாமா?

கூடாது. கடும் பயிற்சியோடு உணவையும் குறைத்தால் எலும்பு, ஹார்மோன், நோய் எதிர்ப்பு எல்லாம் அடிவாங்கும். இந்த ஆற்றல் பற்றாக்குறைக்கு 2014ல் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி ரெட்-எஸ் என்று பெயரிட்டது. வீராங்கனைகளுக்கு மாதவிடாய் நிற்பது, திரும்பத் திரும்ப எலும்பில் கீறல், அடிக்கடி சளி ஆகியவை எச்சரிக்கை. எல்லார் முன்னிலையிலும் எடை பார்ப்பதை நிறுத்துங்கள். நீரிழப்புக்காக அவரவர் தனியாகப் பார்த்துக்கொள்ளட்டும். அடுத்தவர் தட்டைப் பற்றிக் கருத்துச் சொல்வதற்கும் தடை போடுங்கள். ஒற்றுமையை அரிக்கும் சொற்களில் பாதி சாப்பாட்டு மேசையில்தான் பிறக்கின்றன.

ஒருவர் அளவுக்கு மீறிக் களைத்துவிட்டார் என்று எப்படித் தெரியும்?

காலையில் எழுந்ததும் நாடித்துடிப்பு வழக்கத்தைவிட நிமிடத்துக்கு 7க்கு மேல் கூடியிருப்பது, இரவு சரியாகத் தூங்காதது, எரிச்சல். மூன்றில் இரண்டு இருந்தால் அன்றைய ஓட்டம் பாதி. சாலையில் தெரியும் அடையாளம் வேறு: கால் கனக்கிறது, முழு முயற்சி போடுகிறார், ஆனால் இதயத்துடிப்பு ஏற மறுக்கிறது. அன்றைக்கு அவரை வண்டியில் ஏற்றிவிடுங்கள். ‘இன்னிக்கு எனக்கு முடியல’ என்று சொன்னவரைக் கேலி செய்தால், நாளைக்கு யாரும் உண்மை சொல்ல மாட்டார்கள்.

யாருக்காவது காய்ச்சல் வந்தால்?

உடனே தனி அறை, தனித் தட்டு. கழுத்துக்கு மேல் மட்டும் தொந்தரவு, அதாவது மூக்கடைப்பு தும்மல் என்றால் அவர் தனியாக நிதானமாக ஓட்டலாம், வரிசையில் வேண்டாம். நெஞ்சுச் சளி, காய்ச்சல், உடல்வலி என்றால் சைக்கிளே தொடக் கூடாது. காய்ச்சலோடு ஓட்டினால் இதயத் தசையில் அழற்சி வரும் ஆபத்து உண்டு. பாட்டில்களில் பெயர் எழுதுங்கள். ஒரே பாட்டிலில் இருவர் குடிப்பது நட்பு அல்ல.

சைக்கிளில் என்ன பார்க்க வேண்டும், என்ன உதிரி எடுத்து வர வேண்டும்?

செயின் தேய்மானம் அளவுகோலில் 0.5 சதவீதம் காட்டினால், 11 அல்லது 12 கியர் சைக்கிளுக்குச் செயினை மாற்றிவிடுங்கள். பிரேக் பேட் ஒரு மில்லிமீட்டருக்குக் கீழே என்றால் முகாமின் இறக்கங்கள் அதை முடித்துவிடும். டியூப்லெஸ் டயரில் பசை சில மாதங்களில் காய்ந்துவிடும், 28 மி.மீ. டயருக்கு 30 முதல் 40 மில்லி புதிதாக ஊற்றுங்கள். 70 கிலோ ஆளுக்கு அந்த டயரில் 65 முதல் 70 பிஎஸ்ஐ போதும். கொக்கி இல்லாத ரிம் (டயர் விளிம்பைப் பிடிக்கும் உள்மடிப்பு இல்லாதது) என்றால் 72.5 பிஎஸ்ஐ உச்ச வரம்பு, ஒரு புள்ளிகூடத் தாண்டாதீர்கள். ஹேண்டில்பாரைத் தாங்கும் ஸ்டெம்மின் போல்ட்டை அதன்மேல் எழுதியிருக்கும் அளவுக்குத்தான் முறுக்க வேண்டும். பெரும்பாலும் 5 நியூட்டன் மீட்டர். பவர் மீட்டரை ஒவ்வோர் ஓட்டத்துக்கு முன்னும் பூஜ்யமாக்குங்கள்.

உதிரியில் மறக்கவே கூடாதது பின் டெரெய்லர் ஹேங்கர், அதாவது பின் கியர் மாற்றியைப் பிரேமில் பொருத்தும் சிறு துண்டு. பெரும்பாலும் பிரேமுக்குப் பிரேம் அது வேறு, அவசரத்துக்கு அடுத்தவரிடம் கடன் வாங்கலாம் என்று நம்ப முடியாது. எலக்ட்ரானிக் கியருக்குச் சார்ஜர். அணிக்குப் பொதுவாக ஒரு ஜோடிச் சக்கரம், ஆனால் எல்லாருடைய ரோட்டர் (டிஸ்க் பிரேக் தட்டு) அளவும் கேசட்டின் (பின்சக்கரப் பல்சக்கரத் தொகுதி) கியர் எண்ணிக்கையும் ஒன்றா என்று முன்பே பார்த்துவிடுங்கள். 140 மி.மீ. ரோட்டர் உள்ள சக்கரம் 160 மி.மீ. சைக்கிளுக்கு உதவாது.

ஓடும்போது பாட்டில் வாங்குவதையும் பழக வேண்டுமா?

கட்டாயம். கொடுப்பவர் நின்ற இடத்தில், கையை நீட்டி, பாட்டிலின் கழுத்தைக் கட்டைவிரலாலும் இரண்டு விரலாலும் மட்டும் பிடித்திருக்க வேண்டும். ஓட்டுபவர் 20, 25 கிமீக்கு இறங்கி, கையைச் சற்று மடக்கி நீட்டி, பாட்டில் தொட்டதும் கையைப் பின்னோக்கி வீசி வேகத்தை வாங்கிக்கொள்ள வேண்டும். விறைத்த கையோடு பிடித்தால் பாட்டில் தெறிக்கும். பாதி நிரப்பிய பாட்டிலில் தொடங்குங்கள். பிறகு ஒருவர் ஆறு பாட்டிலை ஜெர்சிக்குள் செருகி வரிசைக்கு எடுத்துச் சென்று பகிரும் வேலை. இதை ஸ்பிரின்ட்டரும் ஒரு தடவை செய்து பார்க்கட்டும். அதன்பின் பந்தயத்தில் பாட்டில் தாமதமானால் கத்த மாட்டார்.

ஊக்கமருந்து விதிகளில் முகாமுக்கென்று எதுவும் உண்டா?

பதிவுபெற்ற சோதனைப் பட்டியலில் உள்ளவர்கள் முகாம் முகவரியைத் தங்கள் இருப்பிட விவரத்தில் மாற்றிவிட வேண்டும். தினமும் குறித்துக் கொடுத்த ஒரு மணி நேரத்தில் அங்கே இல்லாவிட்டால் அது தவறிய சோதனை. 12 மாதத்தில் இத்தகைய தவறு மூன்று ஆனால் விதிமீறல். அறைத்தோழரின் டப்பாவிலிருந்து பவுடர், மாத்திரை வாங்கிச் சாப்பிடாதீர்கள். டிராமடால் வலிநிவாரணி 2024 ஜனவரி 1 முதல் போட்டிக் காலத்தில் தடை. முகாமில் யாராவது அதைப் பழகியிருந்தால் மருத்துவரிடம் அப்போதே பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்.

முகாம் முடிந்த மறுநாள் என்ன செய்வது?

முழு ஓய்வு. பிறகு 5 முதல் 7 நாள் வழக்கமான நேரத்தில் பாதி மட்டும், கடுமையான பகுதி எதுவும் இல்லாமல். இந்த நாட்களில் ‘கால் செத்துப் போச்சு, முகாம் வீண்’ என்று குழுவில் செய்தி வரும், பதற வேண்டாம். கால் திரும்ப எட்டு, பத்து நாள் ஆகும். எஃப்டிபி சோதனையை அதற்குப் பிறகு வையுங்கள். முதல் பந்தயத்தைச் சிறியதாகத் தேர்ந்தெடுங்கள். இடம் எதுவும் எதிர்பார்க்காமல், முகாமில் பழகிய ஒரே ஒரு விஷயத்தை மட்டும் அதில் செய்து பாருங்கள். அது 1,200 மீட்டரில் தொடங்கும் அந்த நால்வர் ரயிலாகவும் இருக்கலாம், முன்னணிக்கு வந்தும் வேகமானியில் 40ஐ 40ஆகவே வைத்திருப்பதாகவும் இருக்கலாம்.